கடல் தெரியாத இடம்

அவளை எனக்கு ரயிலில்தான் பழக்கம். காலையில் கத்திவாக்கத்தில் அவள் ஏறுவாள். இரண்டு நிறுத்தம் தள்ளி திருவொற்றியூரில் நான் ஏறுவேன். இருவரும் ராயபுரத்தில் இறங்குவோம். எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் கன்டெய்னர்களை விடுவிக்கத் தேவையான காகிதங்களை நாள் முழுக்கத் தட்டச்சு செய்ய வேண்டும். அவளுக்கு ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள்.

முதல் முறை பேசியபோதே என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "உனுக்கு நரம்பு சூப்பரா கீதுக்கா. ஒரே குத்து, ரத்தம் வந்துரும்" என்றாள். பெண்கள் பெட்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவளைவிட மூன்று வயது கூட. அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

அவள் மீனவக் குடும்பம். வீட்டுக்காரர் ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மூன்று பேர் போன படகு காற்றில் கவிழ்ந்தது. மற்ற இரண்டு பேரை வேறொரு படகுக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்துவிட்டார்கள். இவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அது நடந்தபோது அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள், யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் கொருக்குப்பேட்டைக்கு முன்னால் ரயில் நின்றுவிட்டது. சரக்கு ரயில் போக வழிவிட்டு முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தோம். நான் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் எல்லோருமாக ஏலகிரிக்குப் போனபோது எடுத்த படம் ஒன்று வந்தது. மலை உச்சியில் ஒரு பாறை, அதன் மேல் நாங்கள். அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, எந்த ஊரு?"

சொன்னேன்.

"இதுல கடலு எந்தப் பக்கம் கீது?"

"அங்க ஏது கடல்? ஜோலார்பேட்டைக்குப் பக்கத்துல இருக்கிற ஊரு அது."

"சுத்தி எங்கியுமே தெர்யாதா?"

"தெரியாது."

"சத்தம்கூட கேக்காதா?"

அவள் கேட்ட விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. "கேக்காது புள்ள" என்று சொல்லி போனை வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, ராயபுரம் நிலையத்தின் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது, "அந்த மலைக்கு என்னியும் இட்டுனு போக்கா" என்றாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவள் ஒரு மலையை நேரில் பார்த்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் திருவொற்றியூரில் அரிசிக்கடை வைத்திருக்கிறார். தெற்கே இருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்த குடும்பம். "ரெண்டு பொம்பளைங்க மலைக்குப் போயி என்ன செய்யப் போறீங்க?" என்று மூன்று முறை கேட்டார். "சும்மா பாத்துட்டு வர்றோம்" என்றேன். நாங்கள் போனோம்.

ஏலகிரியில் ஒரு சிறு மலை இருக்கிறது. காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏறினால் உச்சிக்குப் போய்விடலாம். அவள் செருப்பைக் கழற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வெறும் காலோடு ஏறினாள். மணலில் நடந்த கால். கல் குத்துகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மரவேர் தட்டிய இடத்திலெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "படகு ஆடுனா எனுக்குப் பயம் இல்லக்கா. இது ஆடாம நிக்குதே, அதான் பேஜாரா கீது" என்றாள்.

உச்சிக்கு வந்ததும் பாறை மேல் நின்று நான்கு பக்கமும் மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கீழே வயல், ரயில் தண்டவாளம், அதற்கப்பால் வேறு மலைகள். பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். குறட்டை விட்டு, வாய் திறந்து, இரண்டு மணி நேரம். நான் குரங்குகளை விரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தூரம் வந்து தூங்குகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வூட்ல படுத்தா அலை சத்தம் கேட்டுகினே இருக்கும். ஒவ்வொரு அலைக்கும் முழிச்சிக்குவேன். கதவு தட்றா மாதிரி இருக்கும். போயி தொறந்துகூட பாத்துகீறேன். ஒம்போது வருசம் ஆச்சு, இன்னும் கேக்குது. இங்க ஒண்ணியும் கேக்கல."

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் குடித்துவிட்டு, பையிலிருந்து நெத்திலி வறுவலையும் சோற்றையும் எடுத்தாள். இருவரும் சாப்பிட்டோம். கடல் இல்லாத ஊர்தான் வேண்டும் என்று வந்தவள், சாப்பாட்டுக்குக் கடலைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதைச் சொன்னதும் இருமல் வரும் வரை சிரித்தாள்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று, சில வருடம் இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தோம். ஏற்காடு, கல்வராயன் மலை, சிறுமலை. ஜவ்வாது மலைக்கு மட்டும் மூன்று முறை. கொரோனா வந்து ரயில் நின்ற காலத்தில் மட்டும் போகவில்லை. அப்போதும் போனில், "தொறந்தவொட்ன எங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எப்போது போனாலும் அவள் பையில் ஒரு பொட்டலம் கருவாடு இருக்கும். அது எங்களுக்கு அல்ல. ஜவ்வாது மலையில் ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டு அம்மா சாமைச் சோறு ஆக்கிப் போட்டார். இவள் தன்னிடமிருந்த நெத்திலிக் கருவாட்டை அவர் கையில் கொடுத்து, குழம்பு வைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் கருவாடு இருக்கிறதா என்று கேட்டு வந்துவிட்டார்கள். அதிலிருந்து எந்த மலைக்குப் போனாலும் கருவாடு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கோங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வாள்.

பதிலுக்கு அவள் என்னை எண்ணூர் கழிமுகத்துக்கு ஒருமுறை இட்டுக்கொண்டு போனாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றுக்குள் கையை விட்டு இறால் பிடிக்க வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் ஓலைக் கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தேடுவார்கள். எனக்கு ஒரு இறால்கூடக் கிடைக்கவில்லை. ஒரு நண்டு விரலைக் கவ்வியதுதான் மிச்சம். அவள் என் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, "மலையில நீ பெரிய ஆளு, ஒத்துக்குறேன். இங்க நீ சொம்மா ஓரமா குந்து" என்றாள். அன்று பிடித்த இறாலை அவள் வீட்டிலேயே வறுத்துச் சாப்பிட்டோம். அவளுடைய மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள். "எங்கம்மாவ ஊர் ஊரா சுத்த வெக்கிறது நீங்கதானா ஆன்ட்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. ஒரு குழந்தையும் பிறந்தது.

கொல்லிமலைக்குப் போக வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆயிரத்துக்கு மேல் படி இறங்கிப் போனால் ஒரு பெரிய அருவி இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் போவதாக நாள் குறித்தோம். போகவேண்டிய வாரத்தில் என் கொழுந்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்துவிட்டது. "அடுத்த மாசம் போவோம் புள்ள" என்றேன். சரி என்றாள். அடுத்த மாதம் என் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருந்தார்கள். நான் இல்லாவிட்டால் சுவரில் என்ன நிறத்தைப் பூசிவைப்பார்களோ என்று எனக்குக் கவலை. மறுபடியும் தள்ளிவைக்கலாம் என்று ரயிலில் சொன்னேன்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த தபா தள்ளாதக்கா" என்றாள்.

"மலை எங்க போயிடப் போகுது? பெயின்ட் முடிஞ்சதும் முதல் வேலை அதுதான்."

"பெய்ன்ட்ட உங்க வூட்டுக்காரரு பாத்துக்க மாட்டாரா?"

"அவருக்கு வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது."

அவள் சிரித்தாள். "சரி, சீக்கிரம் முடி" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் முகத்தில் எதையாவது நான் பார்த்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவில் வருவதெல்லாம் பெயின்ட் கடையில் வாங்கிய நிற அட்டைதான். அதை அவளிடமே காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். அவள் வெளிர்ப்பச்சையைத் தொட்டுக் காட்டினாள். எங்கள் வீட்டுக் கூடம் இப்போது அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

கடைசியில் கொல்லிமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். செம்மேட்டில் ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் கோயில் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து படி இறங்கினோம். இறங்கும்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள். அருவிக்குக் கீழே நின்று, தண்ணீர் தலையில் விழ விழ, சின்னப் பெண்போலக் கத்தினாள். அருவிச் சத்தத்தில் அவள் என்ன கத்துகிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கரையில் நின்று படம் எடுத்தேன்.

ஏறும்போதுதான் சிரமம். இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். பிறகு பத்துப் படிக்கு ஒருமுறை. எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்தவர்களெல்லாம் குளித்துவிட்டு எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். மத்தியானம் செம்மேட்டுக்கு ஒரு பஸ். அதை விட்டால் சேலத்தில் ரயில் போய்விடும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எழுந்திரு, போகலாம்."

"ரெண்டு நிமிசம் குந்துக்கா."

"எத்தனை ரெண்டு நிமிஷம்? முடியலைன்னா வீட்டுல இருக்கவேண்டியதுதானே. ஆசை மட்டும் இவ்வளவு இருக்கு, உடம்புல ஒண்ணுமில்லை. என் உயிரை வாங்கறே."

இந்த வார்த்தைகள்தான். ஒன்றுகூட மாற்றாமல் எனக்கு நினைவிருக்கிறது. அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. இடது கையைத் தூக்க முடியாமல் வலது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீ மொதல்ல போயி பஸ்ஸ நிறுத்திவை. நான் பின்னாலியே வரேன்" என்றாள்.

நான் போனேன். அவளை அந்தப் படியில் உட்காரவைத்துவிட்டு நான் முன்னால் ஏறிப்போனேன். பஸ் வந்து நின்றது. நடத்துநரிடம் கெஞ்சினேன். அவர் ஐந்து நிமிடம் பொறுத்தார், பிறகு விசில் கொடுத்துவிட்டார். அவள் மேலே வந்து சேர்ந்தபோது ஒரு மணி நேரம் கடந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி, கிடைத்த ரயிலில் வந்தோம். சேலம் வரை நான் அவளோடு பேசவில்லை. பிறகும் சரியாகப் பேசவில்லை. சென்னை சென்ட்ரலில் இறங்கும்போது அவள்தான் கேட்டாள்.

"கோவமாக்கா?"

"ஒண்ணுமில்லை."

"அருவி நல்லா இருந்துச்சுல்ல?"

"ம்" என்றேன்.

அடுத்த வாரம் அவள் ரயிலில் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நானும் வீம்பாக இருந்தேன். அவளே கூப்பிடட்டும் என்று மூன்று வாரம் போன் செய்யாமல் இருந்தேன். பிறகு பெட்டியில் எண்ணூர்க்காரப் பெண் ஒருத்தி சொன்னாள்: "உங்களுக்குத் தெர்யாதாக்கா? அவங்களுக்கு மார்ல கட்டி. ஆபரேசன் முடிஞ்சி வூட்டுக்கு வந்துட்டாங்க."

அன்று நான் ராயபுரத்தில் இறங்கியதும் எதிர்ப்பக்க ரயிலில் ஏறி கத்திவாக்கத்துக்குப் போனேன். கதவைத் திறந்தது அவளுடைய மகள். குழந்தை இடுப்பில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"அம்மாவைப் பாக்கணும்."

"தெரிஞ்சிதானே இட்டுனு போனீங்க?"

எனக்குப் புரியவில்லை. என்ன தெரிந்து என்று கேட்டேன். அவள் குரல் உயர்ந்தது. "மலைக்கு போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அம்மாவுக்கு ரிசல்ட் வந்துடுச்சு. டாக்டரு ஒட்னே வந்து சேர சொல்லிகீறாரு. அம்மா இன்னா சொல்லிச்சாம் தெர்யுமா? ஒரு வேலை கீது, முடிச்சிட்டு வரேன்னு சொல்லிச்சாம். இன்னா வேலை? உங்களோட மலை ஏற்ற வேலை. என்கிட்டகூட சொல்லல. உங்ககிட்ட சொல்லாம இருக்குமா? எல்லாத்தையும் உங்ககிட்டதானே சொல்லும்?"

என்னிடம் சொல்லவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்பும்படி நானும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு மாதம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே நான் நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டேன். மஞ்சள் நீராட்டு, பெயின்ட். முதலில் குறித்த நாளில் போயிருந்தால் அவள் இரண்டு மாதம் முன்னாலேயே சிகிச்சைக்குப் போயிருப்பாள். என்னால்தான் அவள் காத்திருந்தாள். அதை அந்த வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "யாரும்மே? யக்காவா? வுடு உள்ள."

மகள் வழிவிட்டாள். ஆனால் நான் அறைக்குள் போனதும் குழந்தையோடு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் போன எல்லா நாளும் அப்படித்தான்.

உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "ஏன் புள்ள சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ இட்டுனு போவியா?"

"போயிருக்க மாட்டேன்."

"அதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "லேபுல எத்தினி பேர பாத்துகீறேன். மருந்து ஏத்த ஆரமிச்சா அவ்ளோதான். மாடிப்படிகூட ஏற முடியாது. ஒரே ஒரு தபா அந்த அருவிய பாத்துட்டு வந்து படுத்துக்கலாம்னு நெனச்சேன். ரெண்டு மாசத்துல இன்னா ஆயிடப் போவுதுன்னு இருந்துட்டேன்."

"நான் தள்ளிப்போடாம இருந்திருந்தா..."

"வுடுக்கா. நீ பெய்ன்ட் அடிச்சது நல்லதாப் போச்சு. மொதல்ல குறிச்ச நாள்ல போயிருந்தா அருவில தண்ணியே இருந்திருக்காது."

அது பொய். முதலில் குறித்த நாளில் அருவியில் இன்னும் அதிகமாகத் தண்ணீர் இருந்திருக்கும். மழை விட்ட கையோடு போயிருப்போம். அது அவளுக்கும் தெரியும். படியில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "எந்தப் பேச்சு?" என்றாள். அதுவும் பொய்தான்.

ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள், வேலை முடிந்ததும் ராயபுரத்திலிருந்து நேரே கத்திவாக்கத்துக்குப் போய்விடுவேன். முடி போனது, எடை போனது. வாய்ப்புண்ணால் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. வலி அதிகமான நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கியாவது போவலாம்க்கா" என்பாள். அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? முதலில் அவள் நினைவு தப்பிப் பேசுகிறாள் என்று பயந்தேன். பிறகுதான் புரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்குவேன்: ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் பஸ் இறங்கிட்டோம். டீக்கடை தாண்டி இடது பக்கம் திரும்பறோம். அப்புறம் சரிவு, சரிவு முடிஞ்சதும் சாமைக் காடு.

அவள் இடையில் நிறுத்துவாள். "பலா மரத்த வுட்டுட்ட."

"எந்தப் பலா மரம்?"

"காட்டுக்கு முன்னாடி கீது பாரு, அடியில மாடு கட்டி இருக்கும். நீ அங்க குந்தி கால்ல அட்டை கடிச்சிதுன்னு கத்துன."

எனக்கு மறந்தே போயிருந்தது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்தத் திருப்பத்தில் யார் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த வீட்டு நாய் துரத்தியது என்பது வரை. கடைசி மாதங்களில் சொல்கிறவள் நான் என்றாலும் வழி காட்டியவள் அவள்தான். ஏலகிரி, சிறுமலை, கல்வராயன் எல்லாவற்றுக்கும் போய்வந்தோம். கொல்லிமலைக்கு மட்டும் நான் ஒருபோதும் தொடங்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு காலை நேரம், அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவளுடைய மகள். அவள் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

"அம்மா பூட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான்.

தெருவில் பந்தல் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். குப்பத்துப் பெண்கள் மாரடித்து அழுதார்கள். எனக்கு அப்படிச் சத்தம்போட்டு அழ வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் ஈரம் படிந்து முகம் மறையும், யாராவது துணியால் துடைப்பார்கள், மறுபடி மறையும். அவளுடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி என்னைக் காட்டி யார் என்று கேட்டாள். "ரயில்ல பழக்கம்" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். அது சரிதான். அதற்கு மேல் என்னவென்று சொல்வது? சவ ஊர்வலம் கிளம்பியபோது பெண்கள் தெருமுனையில் நின்றுகொண்டோம். மேளச் சத்தம் தேய்ந்து அடங்கும் வரை நின்றேன்.

ஆறு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகளைப் பார்க்கப் போனேன். அவள் இப்போது திருவொற்றியூரிலேயே, என் வீட்டிலிருந்து நான்கைந்து தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவள் உட்காரச் சொன்னாள். டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். நான் அதைத் தொடாமல் சொல்லிவிட்டேன். கொல்லிமலைக்கு முதலில் குறித்த நாள், நான் இரண்டு முறை தள்ளிவைத்தது, மஞ்சள் நீராட்டு, பெயின்ட், கடைசியில் படியில் நான் பேசிய வார்த்தைகள், அவளுடைய அம்மாவை விட்டுவிட்டு மேலே போனது, எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் குழந்தையின் பிளாஸ்டிக் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் குனிந்து அந்த லாரியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இத எதுக்கு இப்ப என்கிட்ட சொல்றீங்க?" என்றாள். "உங்க பாரம் எறங்கணும்னா?"

அவள் கேட்டதில் உண்மை இருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி போயிருந்தா பொழச்சிருக்குமான்னு டாக்டர கேட்டேன் ஆன்ட்டி. சொல்ல முடியாதுன்னுட்டாரு. பொழச்சிருக்கும்னு சொல்லிருந்தா உங்கள திட்டிருப்பேன். பொழச்சிருக்காதுன்னு சொல்லிருந்தா வுட்டிருப்பேன். ரெண்டும் இல்ல. நான் இன்னா பண்றது?" அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "டீ ஆறுது. குடிங்க."

குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது. அவள் வாசல் வரை வரவில்லை.

அதற்குப் பிறகு பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினாள். நானும் அனுப்பினேன். கடைத்தெருவில் பார்த்தால் குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்பேன்; நல்லா கீறான் என்பாள். இவ்வளவுதான் எங்களுக்குள். மலைப்பக்கம் நான் போகவில்லை. வீட்டுக்காரரே ஒருமுறை, "வேணும்னா நான் கூட வர்றேன், ஏலகிரிக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. வேண்டாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

போன மாதம் அந்தப் பெண் போன் செய்தாள். அம்மாவுக்கு வந்ததால் மகளும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாள் கொடுத்துவிட்டார்கள். புருஷனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

"மாமியார இட்டுனு போவலாம். ஆனா அவங்க அங்க வந்து அழுதா எனுக்குப் பயமாயிடும்" என்றாள். கொஞ்சம் தயங்கி, "நீங்க வரீங்களா?" என்று கேட்டாள்.

தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவள் பெயரைக் கூப்பிட்டதும் கைப்பையையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் கண்ணில் படவில்லை. அவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வருடம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டால் போதும்.

வெளியே வந்ததும் அவள் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள். அம்மா செத்த அன்றுகூட அவள் என் முன்னால் அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கை வைக்கலாமா கூடாதா என்று யோசித்து, வைத்தேன். அவள் தட்டிவிடவில்லை.

"அம்மா மேல எனுக்கு இன்னும் கோவம் கீது ஆன்ட்டி" என்றாள். "உங்க மேலயும்தான்."

"இருக்கட்டும்" என்றேன்.

"அடுத்த வருசமும் வருவீங்கல்ல?"

"வர்றேன்."

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்ததால் அவளுக்கு அவசரம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டது. எனக்கு இந்த நல்ல செய்தியை உடனே ஒருத்தியிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டு, வெயிலில் நிலையத்தை நோக்கி நடந்தேன்.